குழந்தைகளுக்கு மலேரியா விரைவுச் சோதனை: இரத்தம் எடுக்கும்போது நேரும் கோளாறுகளும் நிவர்த்தியும்

பினாங்கில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதலில் பார்க்கப்படுவது டிங்கிதான். பள்ளி விடுமுறைக்குச் சென்னை போய் வந்த பிள்ளை, ஆப்பிரிக்க நாடு ஒன்றில் வேலை செய்யும் அப்பாவைப் பார்த்துத் திரும்பிய பிள்ளை, சபா அல்லது சரவாக்கின் காட்டோரத்தில் தங்கி வந்த குடும்பத்துப் பிள்ளை என்று யாராவது வரும்போதுதான் மலேரியா என்ற எண்ணமே எழுகிறது. அரிதாகச் செய்கிற சோதனை என்பதால் கை பழக்கம் விட்டுப்போகிறது. பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் விளக்கத்தாளை மடிப்புப் பிரித்துப் படித்துக்கொண்டே ஒரு கையால் குழந்தையின் விரலைப் பிடித்திருக்கும் நிலை பல கிளினிக்குகளில் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தக் கோளாறு கண்ணில் படுகிறதோ அதிலிருந்து காரணத்துக்குப் போக உதவும் வகையில் இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. தாதிகளுக்கும், மருத்துவ உதவி அதிகாரிகளுக்கும், ஆய்வகத்தாருக்கும் பொருந்தும்.

கோளாறுகளுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்ளூரில் பரவும் மலேரியா பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியா, பெரும்பாலும் சபாவிலும் சரவாக்கிலும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பதிவாகிறது. விரைவுச் சோதனை அந்த வகையைப் பிடிப்பதில் பலவீனமானது. ஆகவே இந்த நாட்டில் விரைவுச் சோதனை தனியாக நிற்க முடியாது, அதனுடன் பி.எஃப்.எம்.பி. சிலைடும் (மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் தேடுவதற்கான இரத்தப் பூச்சு) போயே ஆக வேண்டும். இதன் நடைமுறைப் பொருள், குழந்தையை ஒரே ஒரு முறை குத்தி, அந்த ஒரு காயத்திலிருந்தே விரைவுச் சோதனை அட்டைக்கும் சிலைடுக்கும் தேவையான இரத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்பது. அளவைப் பார்த்தால் இது முடியாத காரியமில்லை. பெரும்பாலான அட்டைகளுக்கு 5 மைக்ரோலிட்டர் போதும். சிலைடின் தடித்த பூச்சுக்கு ஏறத்தாழ 6, மெல்லிய பூச்சுக்கு 2. ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்காக வடிதாளில் ஓர் இரத்தப் பொட்டு வைக்கச் சொன்னால் மட்டும் இன்னும் 50 மைக்ரோலிட்டர் அளவுக்கு வேண்டியிருக்கும். நன்றாகக் குத்திய ஒரு விரலில் இவ்வளவும் கிடைக்கும். கிடைக்காமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் குத்துவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன.

குத்தியாயிற்று, இரத்தம் வரவில்லை அல்லது ஒரு புள்ளியோடு நின்றுவிட்டது

முதலில் குழந்தையின் கையைத் தொட்டுப் பாருங்கள். ஏர்கோண்ட் ஓடும் அறையில் அரை மணி நேரம் காத்திருந்த பிள்ளையின் விரல்கள், உடல் கொதித்துக்கொண்டிருந்தாலும், சில்லென்றுதான் இருக்கும். காய்ச்சல் ஏறும் கட்டத்தில் குளிரெடுத்து நடுங்கும் குழந்தைக்குத் தோலின் நுண்நாளங்கள் சுருங்கியிருப்பதால் இன்னும் மோசம். இந்த நிலையில் எவ்வளவு ஆழமாகக் குத்தினாலும் பயன் குறைவு. குத்துவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையிலோ குதிகாலிலோ 3 முதல் 5 நிமிடம் சுற்றி வைக்க வேண்டும். துணியின் சூடு 42 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது; உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து இதமாக இருந்தால் மட்டுமே குழந்தைக்கு வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கிய துணி வேண்டவே வேண்டாம், அது ஓரிடத்தில் ஆறியும் ஓரிடத்தில் கொதித்தும் இருக்கும். கை இதயத்துக்குக் கீழே தொங்குமாறு குழந்தையைத் தாயின் மடியில் உட்கார வைப்பதும் பெரிய உதவி.

அடுத்துப் பார்க்க வேண்டியது இடமும் ஆழமும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட, 3 முதல் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் குதிகால். 6 மாதத்தைத் தாண்டி 10 கிலோவுக்கு மேல் போன குழந்தைக்கு விரல். வயது தாண்டியும் எடை தொடாத பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அவர்கள் விஷயத்தில், இன்னும் நடக்கத் தொடங்கவில்லை என்றால் குதிகாலையே தேர்ந்தெடுப்பது என் வழக்கம். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் குதிகால் தோல் தடித்துவிடுகிறது. ஆழத்தைப் பொறுத்தவரை, 6 மாதம் முதல் 8 வயது வரை விரலில் 1.5 மில்லிமீட்டரும், 8 வயதுக்கு மேல் 2.4 மில்லிமீட்டரும் போதும். குதிகாலில் 2.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு 0.85 மட்டுமே. பெரியவர்களின் சர்க்கரைச் சோதனைக்கு வைத்திருக்கும் மெல்லிய ஊசி லான்செட்டை (தோலைக் குத்தும் சிறு கருவி) குழந்தைக்கு எடுத்துப் பயன்படுத்துவதால் வரும் தொல்லை இங்கேதான் தெரியும்: துளை மிகச் சிறியதாக இருப்பதால் சர்க்கரைப் பட்டைக்கு வேண்டிய சொட்டு கிடைத்துவிடும், அதற்குப் பிறகு சிலைடுக்கு ஒன்றும் வராது.

லான்செட்டைத் தோலில் சற்று அழுத்தி வைக்காமல் மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினால், குழந்தை விரலை இழுக்கும் அந்தக் கணத்தில் கத்தி பாதி ஆழம்கூட இறங்காது. மறுபுறம், இரத்தம் வரவில்லை என்பதற்காக விரல் நுனியைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கும்போது வருவது இரத்தம் மட்டுமல்ல, திசுநீரும் கலந்துதான் வருகிறது. அணுக்கள் உடைகின்றன, ஒட்டுண்ணியின் அடர்த்தி குறைகிறது, அட்டையின் கோடு அதற்கேற்ப மங்குகிறது. விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக அழுத்தி, விட்டு, மீண்டும் இரத்தம் நிரம்ப நேரம் கொடுத்து, பிறகு அழுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் வரவில்லை என்றால் அந்தக் காயத்தை விட்டுவிட்டு வேறு விரலில் புதிய லான்செட்டால் குத்துவதே குழந்தைக்கு வலி குறைந்த வழி. இரண்டாம் குத்தும் வீணானால் நிறுத்திவிடுங்கள். மூன்றாவதாகக் குத்துவதைவிட, கைதேர்ந்த ஒருவர் நரம்பிலிருந்து ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பது நல்லது; நிறைமாதப் பச்சிளங்குழந்தைகளுக்குக் குதிகால் குத்தைவிட நரம்பில் எடுப்பதே வலி குறைவு என்பது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்த அந்த இரத்தத்தைப் பெரும்பாலான அட்டைகள் ஏற்கும், ஆனால் உங்கள் பெட்டியின் விளக்கத்தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிலைடை மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். இரத்தம் குழாயில் காத்திருக்கக் காத்திருக்க ஒட்டுண்ணியின் உருவம் மாறும்.

இரத்தம் துளியாக நிற்காமல் விரலெங்கும் பரவுகிறது

இதற்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் ஆல்கஹால் காயாததுதான். 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்தபின் 30 வினாடி காத்திருக்க வேண்டும். ஊதி உலர்த்தக் கூடாது, விசிறவும் கூடாது. ஈரத்தோடு குத்தினால் குழந்தைக்கு எரியும், அணுக்கள் உடையும், இரத்தம் திரண்டு நிற்காமல் ரேகைப் பள்ளங்களின் வழியே சிவப்பு வலையாக ஓடும். அந்த நிலையில் இரத்தம் எடுக்கும் நுண்குழாயை எங்கே வைத்தாலும் காற்றுதான் ஏறும்.

ஆல்கஹால் காய்ந்தும் பரவுகிறது என்றால் குத்திய திசையைப் பாருங்கள். லான்செட்டின் கத்தி விரல் ரேகைகளுக்குக் குறுக்காக விழ வேண்டும். ரேகையோடு ரேகையாக விழுந்த வெட்டில் இரத்தம் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வழிந்துவிடும். விரலின் நட்ட நடுவிலும் குத்தக் கூடாது, நகத்தை ஒட்டிய ஓரத்திலும் கூடாது. சதைப்பற்றின் நடுவிலிருந்து சற்றே பக்கவாட்டில், நடுவிரலிலோ மோதிர விரலிலோ குத்துவது முறை. சுண்டுவிரலில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சதை போதாது. குதிகாலில் உள்ளங்காலின் வெளிப்புற அல்லது உட்புற ஓரம்தான் இடம். குதிகாலின் பின் வளைவில் எலும்பு மிக அருகில் இருப்பதால் அங்கே ஒருபோதும் குத்தக் கூடாது.

முதல் துளியை உலர்ந்த காஸ் துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை காயத்தில் ஒட்டி இரத்தத்தை உறையச் செய்யும், சிலைடிலும் போய்ப் படியும்.

குழந்தை கையை இழுத்துக்கொள்கிறது

மூன்று வயதுப் பிள்ளையிடம் "வலிக்காது" என்று சொல்வது பயன் தராது. குத்தியவுடன் அது பொய் என்று அதற்குத் தெரிந்துவிடும், பிறகு சிலைடு பூசும்வரை கையைத் தராது. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், எண்ணி முடிப்பதற்குள் போய்விடும் என்று சொல்வது நேர்மையும் ஆகும், வேலையும் நடக்கும். குழந்தையைத் தாயின் மடியில், நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்தபடி உட்கார வைத்து, குத்தப்படும் கை தாயின் அக்குளுக்கு அடியில் பின்புறமாக உங்கள் பக்கம் வருமாறு வைத்துக்கொண்டால், குழந்தைக்கு லான்செட் கண்ணில் படாது, உங்களுக்குக் கையும் அசையாது. பால்குடிக் குழந்தை என்றால் தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். அது இயலாதபோது குத்துவதற்கு 2 நிமிடம் முன் சர்க்கரைக் கரைசல் சில துளிகள் நாவில் விடுவது வலியைக் குறைக்கிறது. மரத்துப்போகச் செய்யும் களிம்பு குதிகால் குத்துக்குப் பயன் தருவதில்லை. அதைப் பூசிக் காத்திருப்பது நேர விரயம்.

பாட்டிமார் கூட வந்திருந்தால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "ஏன் மிஸ்ஸி, இப்பதானே டிங்கிக்குக் குத்தினீங்க, மறுபடியுமா?" நியாயமான கேள்வி. பயண விவரத்தை முதலிலேயே கேட்டுவிட்டால் டிங்கிக்கும் மலேரியாவுக்கும் ஒரே துளையில் இரத்தம் எடுத்திருக்கலாம். காய்ச்சல் குழந்தையின் பதிவுத்தாளில் "கடந்த சில வாரங்களில் எங்கே போனீர்கள்" என்ற கேள்வி மேசைக்கு முன்னாலேயே கேட்கப்பட வேண்டியது இதற்காகவும்தான்.

எல்லாவற்றையும் குத்துவதற்கு முன் பிரித்து வரிசையாக வைத்துக்கொள்வது பாதிப் போராட்டத்தைக் குறைக்கும். பெயரும் நேரமும் பென்சிலால் எழுதிய இரண்டு சிலைடுகள், பூசுவதற்கான மூன்றாவது சிலைடு, அட்டை, பஃபர் புட்டி (இரத்தத்தோடு அட்டையில் விடும் கரைசல்), இரத்தம் எடுக்கும் கருவி, காஸ், ஊசிக் கழிவுப் பெட்டி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அட்டையின் உறையை மட்டும் கடைசியாகப் பிரியுங்கள், காரணம் கீழே வருகிறது.

நுண்குழாயில் காற்றுக் குமிழி, அல்லது அளவு கோட்டைத் தாண்டிவிட்டது

பெட்டிக்குப் பெட்டி கருவி வேறு. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் நுண்குழாய், குமிழை அமுக்கி இழுக்கும் பிப்பெட், வளையம், தலைகீழ்க் கிண்ணம் என்று நான்கு வகை வழக்கத்தில் உண்டு. நைஜீரியா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடம் இவற்றைக் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், அளவுத் துல்லியத்திலும் கையாளும் எளிமையிலும் தலைகீழ்க் கிண்ணமே முன்னால் நின்றது. பெட்டி வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துள்ளும் குழந்தையிடம் கிண்ணத்தைத் துளியின்மேல் தொட்டு எடுப்பதற்கும், கோட்டைப் பார்த்துக்கொண்டே குழாயைப் பிடிப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

நுண்குழாய்தான் இருக்கிறது என்றால், அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, முனை துளியின் மேற்பரப்பை மட்டும் தொடுமாறு வைத்தால் இரத்தம் தானே ஏறும். முனை தோலில் அழுந்தினால் வாய் அடைபடும். துளியிலிருந்து ஒரு கணம் விலகினால் குமிழி புகும். குமிழி புகுந்த குழாயை அப்படியே அட்டையில் வைத்தால் 5 மைக்ரோலிட்டர் என்று நினைத்து அதில் பாதியைத்தான் வைக்கிறீர்கள். குமிழ்ப் பிப்பெட்டில் நேரும் தவறு வேறு: முனையைத் துளிக்குள் வைத்தபின் குமிழை அமுக்குகிறார்கள். முதலில் அமுக்கி, பிறகு துளியில் வைத்து, மெதுவாக விட வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் காஸ் துணியின் ஓரத்தால் முனையைத் தொட்டு அளவைக் குறைக்கலாம். குழாயில் உறையத் தொடங்கிவிட்டால் மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

அட்டையின் சாளரம் சிவந்தே இருக்கிறது, கோடு தெரியவில்லை

இரத்தம் கூடிவிட்டது, அல்லது பஃபர் குறைந்துவிட்டது. "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று இரண்டு துளி வைக்கும் பழக்கம் இந்தச் சோதனையில் நேர் எதிரான பலனைத் தரும். பட்டையின் பின்புலம் செம்பழுப்பாக நின்று, மங்கலான கோட்டை விழுங்கிவிடும். பஃபர் புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்துவிடும், நேர் செங்குத்தாகப் பிடித்துப் பெட்டியில் சொன்ன எண்ணிக்கையை எண்ணி விடுங்கள். சொட்டின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், போன மாதப் பெட்டியின் நினைவில் விடாதீர்கள்.

புட்டி தீர்ந்துபோய் அட்டைகள் மீதமிருந்தால் வேறு பெட்டியின் பஃபரையோ, உப்புநீரையோ, வடிநீரையோ ஊற்றிச் சமாளிக்கும் எண்ணம் வரும். கூடாது. அப்படிச் செய்த அட்டையில் நோயே இல்லாத இரத்தத்துக்கும் கோடு விழுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உண்மையிலேயே 5 மைக்ரோலிட்டர்தான் வைத்தீர்கள், பஃபரும் சரி, ஆனாலும் சிவப்பு விலகவில்லை என்றால் அட்டை ஈரம் குடித்திருக்கலாம்.

சி கோடு வரவில்லை

சி என்பது சோதனை சரியாக ஓடியதைக் காட்டும் கோடு; அது இல்லையென்றால் சோதனை செல்லாது. நோயைக் காட்டும் டி கோடு வந்திருந்தாலும் செல்லாது. நம் ஊர் ஈரப்பதத்தில் இதற்கு முதல் சந்தேகம் உறையின்மேல் போக வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் நிறம் மாறியிருந்தாலோ, உறையில் ஊசித்துளை இருந்தாலோ அந்த அட்டையைப் பயன்படுத்தக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்திருந்த அட்டையை எடுத்தவுடன் பிரித்தால் அதன்மேல் நீர் பூக்கும். உறை மூடிய நிலையிலேயே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, குழந்தை மடியில் உட்கார்ந்த பிறகே பிரியுங்கள். முகாமுக்கு எடுத்துப் போகும்போது வெயிலில் நிறுத்திய காரின் பின்புறத்தில் பெட்டியை விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான காரணம். இரத்தத்தை அதற்குரிய குழியில் வைக்காமல் பஃபர் குழியில் வைத்தாலும் சி கோடு வராமல் போகலாம்.

டி கோடு மிக மங்கலாக இருக்கிறது

பெட்டியில் குறித்த நேரத்தில், 15 அல்லது 20 நிமிடத்தில், நல்ல வெளிச்சத்தில் கண்ட எந்தக் கோடும் கோடுதான். மங்கலுக்கும் அழுத்தத்துக்கும் விளக்கத்தாளில் வேறுபாடில்லை. நேரம் கடந்தபின் தோன்றிய கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிய உணவு முடிந்து வந்து பார்த்த அட்டை எதற்கும் சாட்சியாகாது.

பிள்ளைக்கு அண்மையில் வெளிநாட்டில் மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையைக் காட்டும் எச்.ஆர்.பி.2 புரதம், ஒட்டுண்ணி ஒழிந்த பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். அந்தக் கோடு பழைய நோயின் மிச்சமா, புதிய நோயா என்பதைச் சிலைடுதான் சொல்லும்.

குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை

காஸ் துணியால் அழுத்தி, கையையோ காலையோ உயரத் தூக்கிப் பிடியுங்கள். சில நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் கசிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மலேரியாவிலும் டிங்கியிலும் தட்டணுக்கள் குறைவது வழக்கம், ஆகவே அது வெறும் காயத்தின் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் விரலில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பாதீர்கள். வாயில் போட்டுக் கழற்றி விழுங்கும், மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

கோடு இல்லை, ஆனால் குழந்தையின் காய்ச்சல் விடவில்லை

இந்த வழிமுறையிலேயே அதிகக் கவனம் வேண்டிய இடம் இது. சரியாக எடுத்து, சரியாக வைத்து, சி கோடு பளிச்சென்று வந்த அட்டையும் மலேரியா இல்லை என்று உறுதி தராது. ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கலாம். எச்.ஆர்.பி.2 புரதத்தை உருவாக்கும் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியாக இருக்கலாம். இவை பெருவில் இருப்பது 2010இல் அறியப்பட்டது, பிறகு ஆப்பிரிக்காவிலும் காணப்பட்டது. அரிதாக, ஒட்டுண்ணி அளவுக்கு மீறி இருப்பதாலேயே எச்.ஆர்.பி.2 கோடு மங்கியோ மறைந்தோ போவதும் உண்டு. நம் நாட்டில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது நோலெசி. சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில் மனிதரிடம் பெருமளவில் இது இருப்பது 2004இல் வெளியானபோது, அதுவரை சிலைடில் மலேரியே என்ற வேறொரு மலேரியா வகை என்று குறிக்கப்பட்டு வந்தவை நோலெசி என்பது பி.சி.ஆர். மூலம் தெரியவந்தது. நுண்ணோக்கியில் இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். ஆனால் நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால், காலையில் சிலைடில் ஓரிரண்டாகத் தெரிந்த ஒட்டுண்ணி மறுநாள் எண்ணிப் பார்க்க அச்சம் தரும் அளவில் இருக்கலாம். ஆகவே காட்டோரம் போய் வந்த பிள்ளையின் சிலைடில் "மலேரியே" என்று முடிவு வந்தால் அதை நோலெசி என்றே கொண்டு சிகிச்சையைத் தொடங்குவதும், பி.சி.ஆர். கேட்பதும் முறை.

முதல் சிலைடிலும் எதுவும் இல்லை, ஆனால் பயணமும் காய்ச்சலும் சந்தேகத்தைத் தருகின்றன என்றால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் சிலைடு எடுத்து, மொத்தம் மூன்று முறை பார்த்த பிறகே மலேரியா இல்லை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு விரலை எடுங்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் வரச் சொல்வதானால் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், வாந்தி நிற்காவிட்டால், மயங்கினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் அந்த நேரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் சிலைடு எடுத்த நேரம், போய் வந்த ஊர், திரும்பிய தேதி, கொடுத்த மருந்து, அட்டையின் முடிவு ஆகியவை இருக்க வேண்டும். மலேரியா உறுதியானால் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமை உண்டு. அவர்கள் முதலில் கேட்பதும் இந்த விவரங்களைத்தான்.